மழையில் சேறாகும் புழுதிக் குளியல்: கலவையில் என்ன கூட்டலாம்?

ஜூன் 9, 2024 | நோர்வூட் வாசி

முட்டைக் கோழி ஐந்து, நாட்டுக் கோழி இரண்டு. அவை புழுதியில் புரண்டு குளிக்க லொறி டயருக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வைத்தால் மூன்றாம் நாளே சேறு. கோழிகள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. லீக்ஸ் நாற்றுப் பாத்தியைக் கிளறி அதில் புரளுகின்றன. இந்த மழை செப்டம்பர் வரைக்கும் விடாது. சாம்பலைப் பாதிக்குப் பாதி ஆக்கினால் ஈரம் இழுக்குமா? வாலடியில் பேன் ஓடுகிறது, அதனால்தான் அவசரம்.

ஜூன் 9, 2024 | கொட்டகலைத் தச்சன்

கலவையைத் தொடாதீர்கள். முதலில் கூரை.

இலங்கை மலையகத்தின் மேற்கில், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மழை நேராக விழாது, காற்றோடு சாய்ந்து வரும். திறந்த வெளியில் எந்தக் கலவை போட்டாலும் அது புழுதி இல்லை, சாந்து.

ஜூன் 10, 2024 | வெலிமடை அக்கா

சாம்பல் பாதிக்குப் பாதி வேண்டவே வேண்டாம் தம்பி. விறகுச் சாம்பல் நனைந்தால் காரநீர். முன்பு துணி வெளுக்கவும் சவர்க்காரம் காய்ச்சவும் எடுத்தது அந்தக் காரத்தைத்தான். ஈரச் சாம்பலில் நிற்கிற கோழிக்குப் பாதத்தோல் வெடிக்கும், வயிற்றடித் தோல் சிவக்கும், கண்ணும் எரியும். காய்ந்த சாம்பலால் அவ்வளவு கெடுதல் இல்லை. எட்டுப் பங்கில் ஒரு பங்கு போதும். மழைக்காலத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

விறகுச் சாம்பல் மட்டும்தான். பிளாஸ்டிக், வர்ணம் பூசிய பலகை, கலர்த் தாள் எரித்த அடுப்பின் சாம்பல் கூடாது. ஆணி அடித்த பலகை எரித்திருந்தால் சலிக்காமல் போடாதீர்கள். அடுப்பிலிருந்து நேராக மரப்பெட்டிக்கும் போகக்கூடாது. மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே கங்கு அடுத்த நாளும் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள தகர டின்னில் இரண்டு நாள் வைத்துவிட்டு எடுங்கள்.

ஜூன் 10, 2024 | கொட்டகலைத் தச்சன்

ஏழு கோழிக்கு அளவு:

பெட்டி உள்ளளவு 3 அடிக்கு 2 அடி. மூன்று பக்கம் 12 அங்குலப் பலகை, முன்பக்கம் மட்டும் 8 அங்குலம். மூன்றையும் போல முன்பக்கத்தையும் உயர்த்தினால் கனத்த முட்டைக் கோழி ஏறப் பஞ்சிப்படும். 6 அங்குலம் வரை நிரப்பினால் போதும், மீதி உயரம் வாரி இறைக்கும் மண்ணைத் தடுக்க. அடிப்பலகையில் விரல் மொத்தத்தில் நாலு மூலையிலும் துளை. துளைக்கு மேல் பழைய உரப்பை ஒன்றை விரித்தால் மண் ஒழுகாது, தண்ணீர் மட்டும் இறங்கும்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நாலு மூலைக்கும் செங்கல் வைத்துத் தூக்குங்கள். மழைக்காலத்தில் நிலத்து ஈரம் கீழிருந்து மேலே ஏறும். கூரை நன்றாக இருந்தும் மண் நனைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஏறுவதற்கு முன்னால் ஒரு தட்டைக் கல்.

கூரை பெட்டியைவிட எல்லாப் பக்கமும் ஓரடி நீண்டிருக்க வேண்டும், அதாவது 5 அடிக்கு 4 அடி. 4 அடித் தகரம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒன்றரை நெளி ஏற்றி அடித்தால் வரும். முன்பக்கம் மண் மட்டத்திலிருந்து இரண்டரை அடி, பின்பக்கம் 2 அடி. தண்ணீர் பின்னால் ஓட வேண்டும், கோழி ஏறும் பக்கம் அல்ல. காற்று வரும் பக்கத்தில் உரப்பையை வெட்டித் திரையாகக் கட்டுங்கள், கீழே கல் தொங்கவிட்டு. நாலு பக்கமும் மூடினால் கோழி நுழையாது. புரளும்போது எதுவும் வந்து பிடிக்காது என்று கண்ணால் பார்த்தால்தான் படுக்கும்.

ஜூன் 10, 2024 | கொட்டகலைத் தச்சன்

டயரைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. டயர் உள்வளைவில் தேங்கும் தண்ணீரை எந்தச் சாய்வும் வெளியேற்றாது. கீழ்ப்பக்கம் துளை போடாத டயர் முற்றத்தில் கிடந்தால் நுளம்பு பெருகும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் "கோழி குளிக்க" என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போவார். வேண்டுமென்றால் கூரைக்குள் வைத்து, வளைவு முழுவதையும் மண்ணால் அடைத்துப் பாவிக்கலாம்.

ஜூன் 11, 2024 | நோர்வூட் வாசி

மண் எவ்வளவு தேவை? ஓர் உரப்பை மண் காணும் என்கிறார்கள் இங்கே.

ஜூன் 11, 2024 | கணக்குப்பிள்ளை

காணாது. 3 × 2 × ½ அடி = 3 கன அடி = சுமார் 85 லீட்டர். 10 லீட்டர் வாளியால் எட்டரை. காய்ந்த கலவை 90 முதல் 100 கிலோ வரை வரும். 50 கிலோ உரப்பை இரண்டு.

வாளிக் கணக்கில்: சலித்த காய்ந்த மண் 5, மணல் 2, சாம்பல் 1. மீதி அரை வாளிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள், முதல் நாளிலேயே அதைவிடக் கூட வெளியே இறைத்துவிடும்.

ஜூன் 12, 2024 | வெலிமடை அக்கா

மணல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நம் மலை மண்ணில் களி கூட. தனியே போட்டால் காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகும். மணல் அதை உடைத்து வைக்கும். ஆற்று மணல் விலைக்கு வீட்டு வேலையில் மிஞ்சியதைப் பொறுக்குவதுதான் புத்தி. கல்லுடைக்கும் இடத்துத் தூள் வேண்டாம், விளிம்பு கூர், தூசும் நெஞ்சுக்கு ஆகாது. மணல் மட்டும் போடுவதும் சரியில்லை. இறகுக்குள் தங்காமல் வழிந்துவிடும். நைசான மண்தான் இறகின் அடிவரை போய் அங்கே தேங்கிய பழைய எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொண்டு வரும். கோழி புரளுவதே முக்கியமாக அதற்குத்தான், பேன் உதிர்வது கூடக் கிடைக்கும் லாபம்.

மண் எங்கே எடுப்பது: பழைய கறையான் புற்று உடைத்த மண் முதல் தரம். அடுத்தது பெரிய மரத்தடியில் மழை படாத மண். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) கூரை ஓரம் தண்ணீர் சொட்டும் கோட்டிலுள்ள மண்ணை எடுக்காதீர்கள். பழைய அஸ்பெஸ்டஸ் கூரை தேய்ந்து அதன் நார் விழுவது அந்தக் கோட்டில்தான். மரக்கறித் தோட்டத்துப் பாத்தி மண்ணும் வேண்டாம், அதில் என்னென்ன மருந்து தெளித்திருக்கிறார்களோ.

ஜூன் 12, 2024 | சேவல் 4 மணி

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கோழி வாங்கி, அது ஒரு காலை நீட்டி, கழுத்தைச் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடிக் கிடப்பதைப் பார்த்து வலிப்பு என்று தண்ணீர் தெளித்துவிட்டார். புழுதியாடும் கோழிக்கு அதைவிட அவமானம் உண்டா?

ஜூன் 12, 2024 | கணக்குப்பிள்ளை

இதையும் தெரிந்துகொள்ளட்டும் புதியவர்கள். வரிசை இதுதான்: அலகாலும் காலாலும் மண்ணை உடம்புப் பக்கம் இழுக்கும், படுத்து இறக்கையை அடித்து மண்ணை முதுகுக்கு ஏற்றும், தலையையும் விலாவையும் தேய்க்கும், அசையாமல் கிடக்கும், கடைசியில் எழுந்து ஒரே உதறல். முழுதாக முடிய 20 முதல் 30 நிமிடம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் போதும், அதிகமும் நடுப்பகலில். பனி மூட்டம் கலைந்து வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தை விடாது. பெட்டியைக் கிழக்குப் பார்த்து வைப்பது அதற்காக.

ஐந்து நிமிடத்திலேயே எழுந்து போனால் மண் ஈரம், அல்லது கூட்டத்தை ஆளும் கோழி விரட்டுகிறது.

உதறல் இல்லாமல், கழுத்து முறுகி, எழும்ப முடியாமல் கிடந்தால் அது வேறு. அரச மிருக வைத்தியரிடம் போங்கள்.

ஜூன் 15, 2024 | நோர்வூட் வாசி

கூரை போட்டாயிற்று. மண்ணை எப்படிக் காய வைப்பது? ஆறு நாளாக வெயிலே இல்லை.

ஜூன் 15, 2024 | வெலிமடை அக்கா

வறுங்கள். தட்டையான தகரத்தை மூன்று கல்லில் வைத்து, கீழே விறகு, மேலே இரண்டு அங்குல மண், கிளறிக்கொண்டே. ஆவி நின்றால் காய்ந்தது. மண்ணில் பேனோ சிற்றுண்ணியோ முட்டையோ இருந்தாலும் அதோடு போயிற்று. துத்தநாகம் பூசிய புதுத் தகரத்தைப் பெருநெருப்பில் வைக்காதீர்கள், அந்தப் புகை ஆகாது. துருப்பிடித்த பழையது நல்லது. மிச்சத்தை அடுப்புக்கு மேல் விறகு காயும் பரணில் பையோடு ஏற்றி வையுங்கள்.

சோதனை: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம். விரலிடுக்கால் வழிந்தால் சரி.

ஜூன் 16, 2024 | கொட்டகலைத் தச்சன்

தகரம் வேர்க்கும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரவு குளிரில் தகரத்தின் அடிப்பக்கம் நீர் கோத்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் விழும். மழை பெய்யாமலே மண்ணில் சின்னக் குழி வரிசை வரிசையாக, தகர நெளிக்கு நேர் கீழே தெரிந்தால் அதுதான். சரிவைக் கூட்டினால் பாதி சொட்டு பின்னால் ஓடிவிடும். மீதிக்கு மாலையில் பெட்டியை ஒரு பலகையாலோ உரப்பையாலோ மூடுங்கள். பூனையும் நாயும் இரவில் பெட்டியைக் கக்கூஸாக்காமல் இருக்கவும் அதே மூடிதான். பூனை ஒரு தரம் இருந்துவிட்டால் அந்தப் பகுதியை ஒரு சாண் சுற்றளவுக்கு அள்ளி எறிய வேண்டியிருக்கும்.

ஜூன் 18, 2024 | நோர்வூட் வாசி

பெட்டி ரெடி, மண் பொடி. ஒன்றுகூட ஏறவில்லை. லீக்ஸ் பாத்திதான் இன்னும்.

ஜூன் 18, 2024 | சேவல் 4 மணி

லீக்ஸ் நடும் தோட்டக்காரனுக்கும் கோழிக்கும் ஒரே மண்தான் பிடிக்கும். பொடிப் பொடியாகக் கொத்தி வைத்தது நீங்கள்தானே.

ஜூன் 19, 2024 | கொட்டகலைத் தச்சன்

அவை கிளறிய குழியிலிருந்து இரண்டு வாளி மண் எடுத்து, காய வைத்து, பெட்டிக்கு மேலாகப் போடுங்கள். பாத்திக்கு நான்கைந்து நாள் வலையோ முள்ளோ. பெட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு கோழி ஏறினால் மற்றவை வரும், பார்த்துத்தான் தொடங்கும்.

சண்டை வந்தால் சதுரப் பெட்டியைவிட நீளப் பெட்டி நல்லது. ஒரு முனையில் பெரியவள் படுத்தாலும் அடுத்த முனையில் இன்னொன்று படுக்கும். ஏழு கோழிக்கு மேல் போனால் இரண்டாவது பெட்டி, முதல் பெட்டியிலிருந்து பார்வைக்கு மறைவாக.

ஜூன் 23, 2024 | வெலிமடை அக்கா

பேன் விஷயத்தை யாரும் தொடவில்லை. தம்பி முதலில் கேட்டதே அதுதான்.

இரவில் டோர்ச்சோடு போய் மூன்று இடம் பாருங்கள்: மலவாய்க்குக் கீழ், இறக்கை அடி, கழுத்து. இறகைப் பிரித்ததும் வைக்கோல் நிறத்தில் வேகமாக ஓடினால் பேன். இறகின் தண்டு அடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. பேன் வாழ்நாள் முழுக்கக் கோழி மேலேதான் இருக்கும், கோழியை விட்டு இறங்கினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. புழுதி அதை உதிர்க்கும். முட்டையை உதிர்க்காது. ஆகையால் பெட்டி வைத்த மறுநாள் எண்ணிக்கை குறையாது. முட்டை பொரித்து, அடுத்த தலைமுறையும் உதிர, மூன்று வாரமாவது பாருங்கள்.

கோழியில் ஒன்றும் தெரியாமல், ஆனால் கொண்டை வெளுத்து, கோழிகள் இரவில் கூட்டுக்குள் போக மறுத்தால் அது இரத்தம் குடிக்கும் சிவப்புச் சிற்றுண்ணி. பகலில் கோழியின் மேல் இருக்காது. குறுக்குக் கம்பின் வெடிப்பில், பலகை இடுக்கில், முட்டையிடும் பெட்டி மூலையில் ஒளிந்திருக்கும். கம்பு முனையில் சாம்பல் தூவின மாதிரி இருந்தால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கம்பைத் தட்டுங்கள். தாளில் விழுந்ததை விரலால் தேய்த்தால் சிவப்புக் கோடு வரும். இதற்குப் புழுதிப் பெட்டி ஒன்றும் செய்யாது. தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நம் குளிருக்கு இன்னும் கூட.

ஜூன் 23, 2024 | கொட்டகலைத் தச்சன்

அந்தக் குறுக்குக் கம்பை எதில் போடுகிறோம்? கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கம்பு, பட்டையோடு. சிற்றுண்ணிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. பட்டையை முழுக்க உரித்து, கணுவைச் சீவி, வெடிப்பை அடைத்துப் போடுங்கள். ஆணி அடிக்காமல் இரு பக்கமும் பள்ளம் வெட்டி வைத்தால் கழற்றிக் கொதிநீர் ஊற்றலாம். ஒரு தரம் ஊற்றி நிறுத்தாதீர்கள். முட்டை பொரித்து வளரும் சுற்று வெப்பத்தில் 7 முதல் 10 நாள், ஆகையால் வாரத்துக்கு ஒரு தரம், நாலு வாரம்.

மண்ணெண்ணெய் தடவுபவர்கள் காலையில் தடவி, மாலைக்குள் வாடை போன பிறகுதான் கோழியை ஏற்ற வேண்டும். அடுப்புப் பக்கத்துக் கூட்டில் தடவவே கூடாது.

ஜூன் 24, 2024 | கணக்குப்பிள்ளை

2012 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ரிவர்சைட் வளாகத்தில் செய்த ஆய்வு இந்த இடத்துக்குப் பொருந்தும். புழுதிப் பெட்டியில் வெண்களி (கயோலின்), டயட்டம் மண் (நுண்பாசிகளின் ஓடு படிந்த தூள்), கந்தகம் மூன்றையும் தனித்தனியே போட்டுப் பார்த்தார்கள். பெட்டியைப் பாவித்த கோழிகளில் ஒரு வாரத்தில் உடம்புப் பேனும் சிற்றுண்ணியும் 80 முதல் 100 வீதம் குறைந்தன. வெண்களியும் டயட்டம் மண்ணும் பெட்டியில் ஏறாத கோழிகளுக்கு உதவவில்லை. கந்தகம் மட்டும் பெட்டியைத் தொடாத கோழிகளிலும் வேலை செய்தது. ஆனால் அவர்கள் பார்த்தது கோழி மேலேயே தங்கும் சிற்றுண்ணி, அக்கா சொன்ன கம்பு இடுக்குச் சிற்றுண்ணி அல்ல.

டயட்டம் மண் காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும். நோர்வூட் ஆடி மாதத்தில் அதற்குக் காசு கொட்டுவது வீண்.

ஜூன் 24, 2024 | சேவல் 4 மணி

புகையிலைத் தூள்? பழையவர்கள் போடுவார்களே.

ஜூன் 25, 2024 | வெலிமடை அக்கா

நிக்கொட்டின் பேனையும் கொல்லும், அளவு கூடினால் கோழியையும். புழுதிப் பெட்டியில் கோழி கொத்தித் தின்னவும் செய்யும், அதனால் வேண்டாம். மரக்கறிக்குப் போடும் பூச்சிமருந்துத் தூளும் அப்படித்தான், முட்டைக்குள் வரும். கந்தகத்தூள் கண்ணையும் மூச்சையும் எரிக்கும், பேன் முற்றிய கூட்டுக்கு மட்டும், மிருக வைத்தியர் அளவு சொன்னால் மட்டும். வேப்பிலைத் தூள் கெடுதல் இல்லை. ஆனால் நுவரெலியா உயரத்தில் வேம்பு வராது, வெல்லவாயப் பக்கத்திலிருந்து யாராவது காய்ந்த இலை கொண்டுவர வேண்டும்.

டொலமைட்? தோட்டத்தில் கவ்வாத்துக்குப் பிறகு தேயிலைக்குப் போடுகிற அந்தச் சாம்பல் நிறத் தூள் சாதுவானது. சாம்பல் கிடைக்காவிட்டால் அதே ஒரு வாளி. சுண்ணாம்பு வேறு. நீற்றாத சுண்ணாம்பு சுட்டுவிடும், நீற்றியதும் கண்ணுக்குக் கூடாது. பை மேல் இருப்பதை வாசித்துவிட்டுக் கொட்டுங்கள்.

ஜூலை 14, 2024 | நோர்வூட் வாசி

நான்கு கோழி தினமும் ஏறுகின்றன. பேன் பாதியாகத் தெரிகிறது. அடைக்கோழி மட்டும் ஏறவில்லை, அதில்தான் பேன் கூட.

ஜூலை 14, 2024 | வெலிமடை அக்கா

அடைக்கோழி நாளில் ஒரு தரம் 15, 20 நிமிடம்தான் இறங்கும். தின்று, எச்சமிட்டு, புரண்டு திரும்பவேண்டும். குளியல் முற்றத்துக் கடைசியில் இருந்தால் போகாது. அடைப்பெட்டிக்கு நாலடிக்குள் ஒரு தட்டத்தில் நாலு அங்குலம் மண் வையுங்கள். அடை வைக்கும் முன்பே பேன் பார்த்துச் சுத்தம் செய்வதுதான் முறை. குஞ்சு பொரித்த அன்றே தாயின் பேன் குஞ்சுத் தலைக்கு ஏறும். குஞ்சுகள் அதே தட்டத்தில் தாயோடு முதல் வாரத்திலேயே புரளும், சாம்பல் சேர்க்காத மண்ணாக இருக்கட்டும்.

ஜூலை 20, 2024 | சேவல் 4 மணி

மரத்தூளும் தும்புத்தூளும் சும்மா கிடைக்கிறதே, மண்ணுக்குப் பதிலாக?

ஜூலை 20, 2024 | கொட்டகலைத் தச்சன்

தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கவே பிறந்தது. மரத்தூள் நனைந்து பூசணம் பிடித்தால் அதன் வித்துகள் கோழியின் நுரையீரலுக்குப் போகும், குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும். கூட்டுத் தரைக்கு மாற்றி மாற்றிப் போட நல்லது. குளியலுக்கு இல்லை.

ஆகஸ்ட் 4, 2024 | வெலிமடை அக்கா

எங்கள் ஊவாப் பக்கம் இப்போது எதிர்மாறு. கச்சான் (வறண்ட தென்மேல்) காற்றில் முற்றமே புழுதி. கோழி எங்கே படுத்தாலும் குளியல்தான், பெட்டியே தேவையில்லை. ஆனால் இப்போதுதான் மண் சேர்க்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் நனையும். சலித்த மண்ணை உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள உரப்பையில் கட்டி, பலகை மேல் அடுக்கி வைத்துவிடுங்கள். மேற்குப் பக்கத்தாருக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை மழையில்லாத காலம், தம்பி அப்போது கட்ட வேண்டும்.

ஏழு கோழிக்கு மழைக்காலம் முழுக்க எத்தனை பை?

ஆகஸ்ட் 4, 2024 | கணக்குப்பிள்ளை

நிரப்ப இரண்டு. இறைத்துப் போவதற்கு மாதம் ஒரு வாளி. எச்சம் சேர்ந்து நடுவில் ஒரு தரம் முழுசாக மாற்ற இன்னும் இரண்டு. ஐந்து பை கட்டினால் செப்டம்பர் வரை பயமில்லை. வாரம் ஒரு தரம் மணல் சலிக்கும் சல்லடையால் எச்சத்தையும் இறகையும் எடுத்தால் முழு மாற்றத்தைத் தள்ளிப் போடலாம்.

ஆகஸ்ட் 5, 2024 | கொட்டகலைத் தச்சன்

கால் செதில் தூக்கிக் கரடாக இருந்தால் அதுவும் சிற்றுண்ணிதான், செதிலுக்கு அடியில். குளியல் அங்கே எட்டாது. சவர்க்காரத் தண்ணீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் அல்லது வாஸ்லின் தடிப்பாக, சில நாளுக்கு ஒரு தரம், பழைய செதில் உதிரும் வரை. செதிலைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும். எண்ணெய் தடவிய காலோடு பெட்டியில் ஏறினால் மண் அப்பிக்கொள்ளும், ஆகையால் மாலையில் அடையும் நேரத்தில் தடவுங்கள்.

செப்டம்பர் 22, 2024 | நோர்வூட் வாசி

பெட்டியைக் காலி செய்யப் போகிறேன். பழைய மண்ணைத் தேயிலை அடியில் கொட்டலாமா?

செப்டம்பர் 22, 2024 | வெலிமடை அக்கா

கூடாது. தேயிலைக்கு pH 4.5 முதல் 5.5 வரை புளிப்பு மண் வேண்டும், சாம்பல் அதைக் கெடுக்கும். உருளைக்கிழங்குக்கும் வேண்டாம், கிழங்கில் சொறி வரும். கோவா (முட்டைக்கோசு) பாத்திக்குப் போடுங்கள், வேர் முண்டு நோய் புளிப்பு மண்ணில்தான் கூத்தாடும். எச்சம் கலந்திருப்பதால் நடுவதற்கு முன்பே கொத்திவிட்டு ஆறப்போட வேண்டும்.

செப்டம்பர் 23, 2024 | சேவல் 4 மணி

கோவாப் பாத்தியில் அந்த மண்ணைப் போட்டால் கோழியும் அங்கேதான் வரும். வலை மறக்க வேண்டாம்.